சம்பந்தி மூக்கு

ஒரு மூக்கை நிமிர்த்த ஐந்து சாமான் போதும் என்பது பிரம்மநாயகத்துக்கு முப்பத்தொரு வருஷமாகத் தெரியும். அது சம்பந்தியின் மூக்காக இருந்தால் எத்தனை வேண்டும் என்பதுதான் இன்று காலை பத்தே கால் மணிக்குத் தெரியாமல் போயிற்று. ஆவியில் வெந்து ஆறிய சாமான்கள் ஆபரேஷன் தியேட்டரில் பெரிய தட்டில் குவியலாகக் கிடந்தன. அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்கிப் பச்சைத் துணி விரித்த சின்னத் தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். டாக்டர் செய்யதலி கை நீட்டும்போது அவர் கேட்காமலே சரியான சாமான் அந்தக் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் வேலை. தென்காசி வட்டாரத்தில் உடைந்த மூக்குகளில் பாதி இந்தத் தட்டைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. கபடி மூக்கு, கோயில் கொடை முடிந்து மறுநாள் வரும் மூக்கு, கதவைத் தள்ளு என்றிருந்த இடத்தில் இழுத்த மூக்கு. கடைத்தெருவில் நடக்கும்போது ஆளின் பேர் நினைவுக்கு வராது, ஆனால் அதோ நம்ம மூக்கு போகுது என்று மனசு சொல்லிவிடும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு இப்போது ஆறாவது சாமானை வைக்கலாமா, ஏழாவதையும் வைக்கலாமா என்று கை அலைந்தது. ஒன்று குறைந்துபோய், டாக்டர் கை நீட்டியபடி நிற்க, இவர் குவியலைக் கிளற, மேஜைமேல் படுத்திருக்கிறவர் அதைப் பார்த்துவிட்டால்? கல்யாண வீட்டில் சம்பந்தி இலையில் ஒரு கூட்டு விட்டுப்போனால் அதை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். இது அதைவிட மோசம். ஏழாவதையும் எடுத்து வைத்தார். பிறகு, எட்டாவதை வெளியே விட்டு வைப்பானேன் என்று தோன்றியது.

மேஜைமேல் சம்பந்தி குத்தாலிங்கம் மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு நாசியிலும் மருந்தில் நனைத்த பஞ்சுத் திரி. திரி மரத்துப்போகச் செய்யக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரமும் அவருக்குக் கண் தெரியும், காது கேட்கும், வாயும் பேசும். முழு மயக்கம் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, மரக்க வைத்தாலே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதும்தான், டாக்டருக்குப் போதும். முகமூடியும் குல்லாயும் போட்டிருப்பதால் வெளியே தெரிவது மூக்குக்கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் கொஞ்சம் நெற்றியும் மட்டுமே என்பதில் பிரம்மநாயகம் ஒரு ஆறுதல் வைத்திருந்தார். தன்னை இவருக்கு அடையாளம் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பார். ஆனால் பேசாமல் இருப்பதுதானே அவர் தொழில். அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, ஒரு வார்த்தை பேசாமல் முதல் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை பார்ப்பாராம். டிக்கெட் எடுக்காதவன் தானே எழுந்து நின்றுவிடுவானாம். நிச்சயத்துக்கு முந்தின வாரம் அவரே சொல்லிச் சிரித்தார். அன்றைக்குப் பிரம்மநாயகமும் கூடச் சிரித்தார். இப்போது, தான் டிக்கெட் எடுத்தோமா இல்லையா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறவன் கதி. குரல் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர் ஜெபக்கனி நூல் வைக்கவா என்று கேட்டதற்குத் தலையாட்டினார். கத்தரி எங்கே என்றதற்குக் கண்ணால் காட்டினார். அவள் என்ன அண்ணாச்சி தொண்டை கட்டிட்டா என்று விசாரித்துக்கொண்டு போனாள். நல்ல வேளை, அண்ணாச்சி என்றாளே தவிரப் பேரைச் சொல்லவில்லை. இந்த ஊரில் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் இந்த ஆஸ்பத்திரிக்கு ஏன் வந்தார்? அவருடைய அக்கா வள்ளிமயில் அம்மாள் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகச் சொன்னாளாமே. அதை மீறி இங்கே வந்தது நல்லதுக்கா, கெட்டதுக்கா? நல்லதுக்கு என்றால், உறவுக்காரர் இருக்கிற இடம் என்று வந்திருக்கிறார். கெட்டதுக்கு என்றால், உடைத்தவனே பக்கத்தில் நின்று பார்க்கட்டும் என்று வந்திருக்கிறார். அல்லது தென்காசியில் மூக்குக்கு வேறு டாக்டர் இல்லை என்பதற்காக மட்டும் வந்திருக்கிறார். மூன்றாவதுதான் உண்மையாக இருக்கும் என்று பட்டது. இருந்தும் முதலாவதை மனசு விடவில்லை.

நிச்சயத்தில் தட்டு மாறியாயிற்று. அதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. போன வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு மேல் பத்தரைக்குள், வெற்றிலை பாக்கு தேங்காய் பழம் எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்த தட்டை இவர் அவர் கையில் கொடுத்தார், அவர் தட்டை இவர் வாங்கினார். இவர் மகள் உலகேஸ்வரிக்கும் அவர் மகன் காசிராஜனுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று எழுதி வாசித்தாயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். போட்டோ எடுக்கிற பையன்தான், லைட் விழலை அங்கிள், இன்னொரு தடவை மாத்துங்க என்றான். மாற்றிய தட்டை மறுபடி மாற்றுவது எப்படி என்று இரண்டு பேருக்கும் குழப்பம். யாருடையது யார் தட்டு என்று தெரியாமல் ஒரு இழுபறி. அதில் ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது. மிதிபடக் கூடாது என்று இவர் குனிந்தார். நீங்க ஏன் எடுக்கணும், நான் எடுக்கேன் என்று அவரும் மரியாதைக்குக் குனிந்தார். பழம் இவர் கையில் கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷத்தில் வேகமாக நிமிர்ந்தார். முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இந்த ஜில்லாவில் இவரைப் போல அறிந்தவன் கிடையாது. கேட்ட மாத்திரத்தில் எலும்புதான், குருத்தெலும்பில்லை என்று தெரிந்தது. அங்கேதான் புத்தி கெட்டுப்போயிற்று. ஐயோ என்று சொல்லியிருக்கலாம். மன்னிக்கணும் என்று சொல்லியிருக்கலாம். அறுபது பேர் கூடியிருந்த மண்டபத்தில், ரத்தம் சட்டையில் வழியும் ஆளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒண்ணுமில்ல, ஆறு நாள்ல வீக்கம் வடிஞ்சதும் நிமித்திரலாம் என்று சொல்லிவிட்டார். தொழில் வாய். வள்ளிமயில் அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். இடிச்சதும் இவரு, நிமித்துறதும் இவரா என்றாள். அப்புறம் இரண்டாவது தட்டு முழுசாக மாறவில்லையே, ரத்தம் விழுந்த தட்டாயிற்றே, எது கணக்கு, முந்தினதா பிந்தினதா என்று ஆரம்பித்தாள். முந்தினதுதான் என்று இவர் பக்கத்துச் சொந்தங்கள் சொன்னார்கள். அப்படியென்றால் போட்டோ எங்கே என்று அந்தப் பக்கம் கேட்டது. போட்டோவில் இருப்பது இவர் தலையும் அவர் மூக்கும் சேர்ந்த கணம் மட்டும்தான். வீட்டில் மனைவி செண்பகம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தலையா அது, உலக்கைப் பூணா என்றாள். ஆறு நாளாகத் தலையைச் சீவும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. ஈஸ்வரி ஒன்றுமே கேட்கவில்லை. அவளுக்குக் காசிராஜனைப் பிடித்திருக்கிறது என்பது செல்போனை வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பதில் தெரிகிறது. மூக்கு முதல்ல சரியாவட்டும், பிறகு பேசுவோம் என்று குத்தாலிங்கம் சொல்லியனுப்பினாராம். பிறகு பேசுவோம். என்ன பேசுவார்கள்? வேண்டாம் என்பதை அப்படித்தானே சொல்வார்கள். வேண்டும் என்பவன் இப்பவே பேசுவானே. ஆனால் மூக்கு அடைத்திருக்கும்போது எப்படிப் பேசுவான்? ஒருவேளை அதைத்தான் சொன்னாரோ?

கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. நாசியை விரிக்கிற ஸ்பெகுலம், அது பார்க்கச் சாது. பஞ்சு திணிக்கிற வளைந்த இடுக்கி, அதுவும் சாது. அமுங்கிய எலும்பை உள்ளேயிருந்து தூக்குகிற எலிவேட்டர், தட்டையாக, தோசை திருப்புகிற கரண்டியின் காம்பு மாதிரி. பரவாயில்லை, ஆனால் நீளம் கொஞ்சம் கூடுதல், இவ்வளவும் உள்ளே போகுமா என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பாதிகூடப் போகாது. அதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? ஆஷ் என்கிற கிடுக்கியைப் பார்த்தால்தான் சங்கடம். மூக்கின் நடுச்சுவரை இரண்டு நாசியிலும் விட்டுப் பிடித்து நிமிர்த்துவதற்கு. சோற்றுப் பானையை இறக்குகிற கிடுக்கி மாதிரி இருக்கும். அதைத் துணிக்கு அடியில் தள்ளினார். எலும்பைப் பிடித்து நிமிர்த்துகிற வால்ஷாம் கிடுக்கி இரண்டையும் எடுத்தார். அது ஜோடியாக வரும், இடது மூக்குக்கு ஒன்று, வலது மூக்குக்கு ஒன்று. ஒரு அலகு நாசிக்குள் போகும், மற்றது வெளியே நிற்கும். வெளி அலகு தோலைக் கிழிக்காமல் இருக்க ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டிச் செருகியிருக்கும். பழைய ரப்பர் இறுகிப்போயிருந்தது என்று நேற்றைக்கே புதுத் துண்டு வெட்டிப் போட்டார். மற்ற மூக்குக்கெல்லாம் பழசே போதும் என்று இருந்தவர்தான். இப்போது எது? இடதா, வலதா? இரண்டையும் அடுக்கி வைத்தால் டாக்டருக்குக் கோபம் வரும். தெரியாதவன்தான் இரண்டு வைப்பான் என்பார். கேஸ் சீட்டு டாக்டர் கையில். எக்ஸ்ரே படம் பக்கவாட்டுப் படம், அதில் இடது வலது கிடையாது. நிமிர்ந்து மூக்கைப் பார்த்தால் ஒரு வினாடியில் தெரிந்துவிடும். ஆனால் மூக்குக்கு இரண்டு பக்கமும் கண் இருக்கிறதே. ஆறு நாளாக அந்தக் கண்களைத் தவிர்த்துவிட்டு இப்போது போய்ப் பார்ப்பதா? சரி, யோசித்தால் வராதா? அவர் கிழக்கே பார்த்து நின்றார். தான் மேற்கே பார்த்து. பழம் எந்தப் பக்கம் உருண்டது? ஜன்னல் பக்கம். ஜன்னல் தனக்கு வலது. அப்படியானால் குனிந்தது வலது பக்கம், நிமிர்ந்தது இடது பக்கமாக வந்து... இல்லை, வலது பக்கமாகவே நிமிர்ந்தோமோ? எதிரே நிற்பவருக்கு நம் வலது அவருக்கு இடது. மேஜைமேல் படுத்துவிட்டால்? படுத்தாலும் அவர் இடது அவர் இடதுதான். ஆனால் தான் தலைமாட்டில் நிற்கிறோம், அன்றைக்கு எதிரே நின்றோம். மனசு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி ஜன்னலண்டை வந்து நின்றது. உடம்புக்குத்தான் ஞாபகம் இருக்கும் என்று தோன்றியது. கையுறை போட்ட கைகளை மார்புக்கு நேராக வைத்துக்கொண்டு, மெதுவாகக் குனிந்து, பழத்தை எடுப்பதுபோல ஒரு நிமிஷம் நின்று, விருட்டென்று நிமிர்ந்து பார்த்தார். தெளிவாகவில்லை. இன்னொரு தடவை குனிந்து, கொஞ்சம் வேகமாக நிமிர்ந்தார். இந்தத் தடவை ஏறக்குறையப் பிடிபட்டது, இடதுதான். உறுதிக்காக மூன்றாம் தடவை நிமிர்ந்தபோது, மேஜைமேல் படுத்திருந்தவர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் ஓடி வந்து, கையை இறக்குங்க அய்யா, அங்கெல்லாம் தொடக் கூடாது என்றாள். அவர் கையை எடுக்கவில்லை. பொத்திய கைக்குள்ளிருந்து, ஜலதோஷம் பிடித்த குரலில், அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும்மா என்றார். அவருதான் சாமான் எடுத்துக் குடுக்கணும், அவரு இங்கதான் நிப்பாரு என்று அவள் சமாதானம் சொன்னாள். ஆள் நிக்கட்டும், தலை தள்ளி நிக்கட்டும் என்றார் அவர். பிறகு கண்ணை நேராக இவர் பக்கம் திருப்பினார். முதல் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை பார்க்கிற அந்தக் கண்.

"மூஞ்சியைத்தான் மூடிருக்கீக. அந்தத் தலையை எனக்குத் தெரியாதா?"

பிரம்மநாயகம் எழுந்து நிற்கிறவன் மாதிரி நின்றார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அது வெளியே தெரியவில்லை. ஆறு நாளாக மனசுக்குள் உருட்டி வைத்திருந்த மன்னிப்பு, சொல் சொல்லாக ஒத்திகை பார்த்தது, பாதி சைக்கிளில் வரும்போதும் பாதி குளிக்கும்போதும் கோர்த்தது, இப்போது வர வேண்டும். வாயைத் திறந்தார். வலிக்காது என்று வந்தது. சீ, இதுவும் தொழில் வாய்தான். குத்தாலிங்கத்தின் பார்வை இறங்கிச் சின்னத் தட்டுக்குப் போய், துணி புடைத்திருந்த இடத்தில் நின்றது. முப்பது வருஷம் சீட்டுக்கு அடியில் மூட்டையைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இது ஒரு பெரிய காரியமா? துணிக்கு அடியில என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. ஒன்றுமில்லை என்று சொன்ன எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பார். பிரம்மநாயகம் துணியை மடித்து விட்டார். ஆஷ், அதற்குப் பக்கத்தில் இன்னொரு எலிவேட்டர், சின்னது ஒன்று பெரியது ஒன்று, இரண்டு சுத்தியல், ஒரு உளி, எலும்பு அறுக்கிற கம்பி. கம்பி எப்போது வந்தது என்று இவருக்கே தெரியவில்லை. மொத்தம் பதினேழு. பார்க்கப் பார்க்க அது ஒரு மூக்குக்கான தட்டு மாதிரியே இல்லை. ஒரு வீட்டு நிலைக்கதவைக் கழற்றி மாட்டலாம்.

"இதெல்லாம் எனக்கா?"

"அஞ்சு போதும். மத்தது பயத்துல வச்சது."

"யாரு பயம்?"

"என் பயம்தான். பிள்ளை ஆறு நாளாச் சாப்பிடலை. நானும்தான்."

சொன்ன பிறகுதான் அது வெளியே வந்துவிட்டது தெரிந்தது. ஒத்திகையில் இல்லாதது. குத்தாலிங்கம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பொத்திய கை எப்போது இறங்கியது என்று பிரம்மநாயகம் கவனிக்கவில்லை. பதிலுக்காக நின்றார், பதில் வருவதற்குள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, கழுவிய கையிரண்டையும் உயர்த்திப் பிடித்தபடி டாக்டர் செய்யதலி வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார். என்ன அண்ணாச்சி, மூக்கா, முழங்காலா என்று கேட்டார். பிரம்மநாயகம் பன்னிரண்டு சாமானை எடுத்துப் பெரிய தட்டில் போட்டார். ஒவ்வொன்றும் விழுகிற சத்தம் மேஜைவரை கேட்டது.

டாக்டர் திரியை உருவினார், ஊசி போட்டார், தட்டிப் பார்த்தார். மரத்துவிட்டது. பழைய போட்டோ கொண்டுவரச் சொன்னேனே என்றார். உடைவதற்கு முன்னால் மூக்கு எப்படி இருந்தது என்று பார்க்காமல் அவர் கை வைக்க மாட்டார். சிஸ்டர் ஜெபக்கனி உறையிலிருந்து எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். குத்தாலிங்கமும் காசிராஜனும் குற்றாலத்தில், அருவிக்கு முன்னால், ஈரத் துண்டோடு, தோளில் கை போட்டு நிற்கிற படம். இரண்டு பேருக்கும் மூக்கு ஒரே சாடையில் வலப்பக்கம் ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே பிரம்மநாயகத்துக்கு இது தெரியும். மூக்கில் குறை சொல்கிறான் என்று பேச்சு வந்துவிடும் என்று செண்பகத்திடம்கூட வாயைத் திறக்கவில்லை. முன்னாடியே அடிபட்டிருக்கா என்று டாக்டர் கேட்டார். இல்லை, எங்க வீட்டு மூக்கே அப்படித்தான், எங்க அய்யாவுக்கும் இப்படித்தான் இருக்கும் என்றார் குத்தாலிங்கம். அப்படியென்றால் இதுதான் சமயம், எலும்பு அசைந்துதான் கிடக்கிறது, ஒரே தள்ளில் நேராக்கிவிடலாம், பரம்பரைக் கோணல் இன்றோடு போய்விடும், என்ன சொல்கிறீர்கள் என்று டாக்டர் உற்சாகமாகக் கேட்டார். நேராக்கட்டும் சாமி, நேராக்கட்டும் என்று பிரம்மநாயகத்தின் மனசு அடித்துக்கொண்டது. இருந்ததைவிட நல்ல மூக்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டால், இடித்தது இடியாகாது, உபகாரமாகிவிடும். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் ஒரு நன்றி வரும். நேரான மூக்கு உள்ளவன் எப்படி வேண்டாம் என்று சொல்லியனுப்புவான்? இடது வால்ஷாமைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். குத்தாலிங்கம் யோசித்தார். அந்த யோசனையின் நீளத்தில் ஒரு பஸ் செங்கோட்டைக்குப் போய்த் திரும்பியிருக்கும்.

"நேராக்க வேண்டாம் டாக்டர். இருந்த மாதிரியே வைங்க," என்றார். "ஆவணியில தாலி கட்டும்போது பையன் பக்கத்துல நான் நிக்கணும்லா. நான் மட்டும் நேரா நின்னா, இது யாரு பெத்த பிள்ளைன்னு கேப்பாக."

சிஸ்டர் முகமூடிக்குள் சிரித்தாள். டாக்டர், அது கஷ்டமான வேலையாச்சே, நேராவதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கையை நீட்டினார். பிரம்மநாயகத்துக்கு மூக்குக்கண்ணாடியில் ஏதோ படிந்து ஒன்றும் தெரியவில்லை. கையுறையோடு துடைக்கவும் முடியாது. ஆவணி என்றாரே. தாலி என்றாரே. அக்காக்காரி, தட்டு, போட்டோ, எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் மிதித்துக்கொண்டு போய்விட்டதே. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ மூக்குக்கு எடுத்துக் கொடுத்தாயிற்று, எல்லாமே நேராக வேண்டும் என்றுதான். இன்றைக்கு முதல் தடவையாக மனசு வேறு மாதிரி வேண்டிக்கொண்டது. வால்ஷாமை டாக்டர் கையில் வைத்தார். வைத்த பிறகும் விடாமல் ஒரு வினாடி பிடித்துக்கொண்டார்.

"பாத்து டாக்டர்," என்றார். "நேராயிரப் போவுது."